மலையில லைவ் விற்கலாமா? நீலகிரி ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

இன்னைக்கு எபிசோட் பாதி தொழில், பாதி நெட்வொர்க்.

கேள்வி இதுதான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ரெண்டு மூணு பேர் சேர்ந்து நடத்துற ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ இருக்கு. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எல்லாத்துக்கும் போறாங்க. இப்போ வர்ற வாடிக்கையாளர்கள் "லைவ் போடுவீங்களா?"ன்னு கேட்கிறாங்க. போடலாமா, வேண்டாமா?

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போடலாம். ஆனா எல்லா பேக்கேஜிலும் இலவசமா ஒட்டிக் கொடுக்கக்கூடாது. இடத்தைப் பார்க்காம ஒத்துக்கவும் கூடாது. காரணம் எளிமையானது. ஆல்பத்துல ஒரு தப்புன்னா ஒரு வாரம் கூடுதலா எடுத்து சரி பண்ணிடலாம். லைவ்ல தாலி கட்டுற நிமிஷம் போச்சுன்னா, அது போனதுதான். நீங்க அங்கே விற்கிறது வீடியோ இல்லை. "அந்த நேரத்துல உங்க சொந்தக்காரங்க பார்ப்பாங்க"ங்கிற வாக்குறுதியை விற்கிறீங்க. மலையில அந்த வாக்குறுதி பாதி உங்க கையில, பாதி டவர் கையில.

யாருக்காக இந்த லைவ்?

தமிழ்நாட்டுல நிறைய பேருக்கு லைவ் பழக்கமானது 2020 ஊரடங்குலதான். அந்த வருஷம் மே 4-ம் தேதி மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாம நடந்தது. மக்கள் வீட்டுல உட்கார்ந்து இணையத்துல பார்த்தாங்க. தேவாலயங்களும் ஞாயிறு ஆராதனையை யூடியூபுக்குக் கொண்டுவந்தது அப்போதான். பிரிட்டன்ல தகன மேடை உள்ள பல இடங்கள்ல இறுதிச் சடங்கை இணையத்துல காட்டுற வசதி அதுக்கு முன்னாடியே இருந்தது; கொரோனா காலத்துல அது சாதாரண விஷயமாயிடுச்சு.

ஊரடங்கு முடிஞ்சதும் கல்யாண லைவுக்கு இருந்த அவசரம் குறைஞ்சிடுச்சு. வர முடிஞ்சவங்க நேர்ல வந்துடறாங்க. அப்போ இன்னும் யாருக்கு இது உண்மையிலேயே தேவை? வர ஆசை இருந்தும் வர முடியாதவங்களுக்கு.

நீலகிரியில அப்படிப்பட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. வேலைக்காகக் கோவை, திருப்பூர், பெங்களூர், வளைகுடான்னு போன பிள்ளைகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம்ம மாவட்டத்துக்கே உரிய ஒரு வரலாறு. 1964 அக்டோபர்ல போட்ட சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்கள்ல இருந்த 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும் என்று முடிவானது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் தொடங்கியதுதான் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம். இன்னைக்கு நாம டேன்டீன்னு சொல்றது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு பல இடங்கள்ல அந்தக் குடும்பங்கள் குடியேறின. ஒரே வீட்டுல அண்ணன் இங்கே, தங்கச்சி அட்டன்லயோ நுவரெலியாவுலயோன்னு பிரிஞ்ச குடும்பங்கள் உண்டு.

இப்போ கொளப்பள்ளி பக்கம் ஒரு லயத்து வீட்டுல அண்ணன் இறந்துட்டார்னு வெச்சுக்குங்க. அடக்கம் அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ நடந்துடும். இலங்கையில இருக்கிற எழுபது வயசு தங்கச்சி விசா எடுத்து, கொழும்பு போய், விமானம் ஏறி, கோயம்புத்தூரோ சென்னையோ வந்து, மலை ஏறி அதுக்குள்ள வந்து சேர முடியாது. அவங்களுக்கு அந்த லைவ் ஆடம்பரம் இல்லை. கடைசியா முகம் பார்க்கிறது.

அதனால சொல்றேன்: இந்தச் சேவைக்கு மதிப்பு அதிகமா இருக்கிற இடம் பெரிய ரிசப்ஷன் இல்லை. சின்ன கூட்டம், தூரத்துல ஒரு சிலர், ஆனா அந்தச் சிலருக்கு ரொம்ப முக்கியம். சிக்கல் என்னன்னா, அந்த மாதிரி வீடுகள் இருக்கிற பள்ளத்தாக்குலதான் சிக்னலும் மோசம்.

ஸ்பீட் டெஸ்ட்ல எந்த நம்பரைப் பார்க்கணும்?

போன்ல ஸ்பீட் டெஸ்ட் போட்டா பெருசா ஒரு நம்பர் வரும். அது டவுன்லோட். லைவுக்கு அது வேண்டாம். அப்லோட்தான் வேணும். மொபைல் நெட்வொர்க்கை, பார்க்கிறவங்க அதிகம், அனுப்புறவங்க கம்மிங்கிற கணக்குல அமைக்கிறாங்க. அதனால 40 எம்பிபிஎஸ் டவுன்லோட் காட்டுற இடத்துல அப்லோட் 3 கூட வராம இருக்கலாம்.

எவ்வளவு தேவை? 720பி தரத்துல ஒரு கேமரா லைவுக்கு 3-லிருந்து 4 எம்பிபிஎஸ் போதும். ஆனா அதைப் போல ரெண்டு மடங்கு அப்லோட் தொடர்ந்து கிடைக்கிற இடத்துலதான் நான் ஒத்துக்கச் சொல்வேன். "தொடர்ந்து"ங்கிறதுதான் முக்கியம். ஸ்பீட் டெஸ்ட் அரை நிமிஷத்துல முடிஞ்சிடும். உங்க நிகழ்ச்சி மூணு மணி நேரம். அதனால டெஸ்ட்டையும் லைவாவே பண்ணுங்க. யூடியூப்ல தனிப்பட்டதா ஒரு லைவ் போட்டு, அரை மணி நேரம் ஓட விட்டு, எத்தனை தடவை ஃபிரேம் விழுதுன்னு பாருங்க.

டேட்டா கணக்கு. 4 எம்பிபிஎஸ் வேகத்துல ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி போகும். தினம் 2 ஜிபி தர்ற சாதாரண ரீசார்ஜ் போட்டிருந்தா, ஒரு மணி நேரம் தாண்டியதும் வேகம் விழுந்துடும். நாலு மணி நேர நிகழ்ச்சிக்கு 7.2 ஜிபி. தினசரி வரம்பு இல்லாத டேட்டா பேக் தனியா போடணும். சின்ன விஷயம்தான். ஆனா முகூர்த்த நேரத்துல சரியா இதுலதான் மாட்டுவாங்க.

மிஸ்ட் வந்தா சிக்னல் போகுமா?

இதை நிறைய பேர் நம்புறாங்க. உண்மையில 4ஜி அலைவரிசைகளுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. மழைகூட நேரடியா பெருசா பாதிக்காது. அப்புறம் ஏன் மழை நாள்ல நெட் போகுது? மூணு காரணம்.

ஒண்ணு, கரண்ட். மரம் விழுந்து லைன் போனா, டவர் பேட்டரியில ஓடும். பேட்டரி தீர்ந்தா டவர் படுத்துடும். ரெண்டாவது, ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குத் தகவல் கொண்டுபோற மைக்ரோவேவ் இணைப்பு. அது போன் அலைவரிசையைவிட ரொம்ப உயர்ந்த அலைவரிசையில ஓடுறதால, அடைமழையில வலு குறையும். உங்க போன்ல நாலு புள்ளி முழுசா இருக்கும், டேட்டா மட்டும் நகராது. மூணாவது, கம்பம் வழியா வர்ற ஃபைபர் கேபிள். ஒரு மரம் போதும்.

நம்ம ஊர் மழை எப்படிப்பட்டதுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி அவலாஞ்சியில 24 மணி நேரத்துல பதிவானது 82 சென்டிமீட்டர். ஜூன்லிருந்து செப்டம்பர் வரைக்கும் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபர், நவம்பர்ல குன்னூர், கோத்தகிரி பக்கமும் லைவ் ஒத்துக்கிறதுன்னா, ரெண்டாவது வழி கையில இல்லாம ஒத்துக்காதீங்க.

அப்புறம் மலை. டவருக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு முகடு இருந்தா, அந்தப் பக்கம் நிழல்தான். பக்கத்து ஹட்டியில நல்லா வருதுங்கிறது இந்த ஹட்டிக்குச் சாட்சி ஆகாது. அம்பது அடி மேல ஏறினா கிடைக்கிற சிக்னல் கீழே இருக்காது. அதனால ரௌட்டரை மண்டபத்துக்குள்ள கேமரா பக்கத்துல வைக்காம, மாடியில சிக்னல் கிடைக்கிற மூலையில வெச்சு, லான் கேபிளைக் கீழே இழுத்துட்டு வாங்க. சின்ன செலவு, பெரிய வித்தியாசம்.

இன்னொரு பிரச்சினை சீசன். ஏப்ரல், மே மாசத்துல சுற்றுலாப் பயணிகள் கூட்டம்; அதே சமயம் சித்திரை, வைகாசி முகூர்த்தம். மலர்க் கண்காட்சி நடக்கிற வாரக் கடைசியில ஊட்டி டவுனுக்குள்ள ஒவ்வொரு டவர்லயும் எத்தனை போன் தொங்கும்னு யோசிங்க. பிப்ரவரி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை டெஸ்ட் பண்ணி நல்லா வந்ததுன்னு மே மாசம் ஞாயிற்றுக்கிழமைக்கு வாக்கு கொடுக்காதீங்க. அதே மாதிரி கிழமை, அதே நேரம் டெஸ்ட் பண்ணுங்க.

கருவி: பெருசா எதுவும் வேண்டாம்

இப்போ பல ஸ்டுடியோக்கள் மண்டபத்துல எல்இடி ஸ்கிரீனுக்காக வீடியோ மிக்சிங் பண்றாங்க. அந்த மிக்சர்ல இருந்து ஒரு எச்டிஎம்ஐ வயரை கேப்சர் கார்டுக்குக் கொடுத்து, லேப்டாப்ல ஓபிஎஸ் போட்டா லைவ் ரெடி. ஓபிஎஸ் இலவச மென்பொருள். பிட்ரேட்டை நிலையா வெச்சு, கீஃபிரேம் இடைவெளியை 2 நொடின்னு போடுங்க. தாமதத்தைக் குறைக்கிற வசதியை ஆஃப் பண்ணிடுங்க. அரை நிமிஷம் தள்ளித் தெரிஞ்சா பரவாயில்லை. அந்த அரை நிமிஷம்தான் நெட் தடுமாறும்போது படம் நிக்காம காப்பாத்துற இருப்பு. குடும்பத்துக்கு மட்டும் இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. இல்லைன்னா மண்டபத்துல இருந்து போன் பண்ணி "தாலி கட்டியாச்சு"ன்னு சொல்லும்போது, அங்கே இன்னும் கெட்டிமேளமே ஆரம்பிச்சிருக்காது.

மூணு விஷயம் கட்டாயம். வேற வேற கம்பெனியோட ரெண்டு சிம். ரெண்டும் ஒரே மேட்டு டவர்ல இருந்தா பிரயோஜனம் கம்மி, அதையும் பாருங்க. ரௌட்டருக்கும் லேப்டாப்புக்கும் யுபிஎஸ். மண்டபத்து ஜெனரேட்டர் எடுக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். அப்புறம், கேமரா கார்டுல எப்பவும் முழு ரெக்கார்டிங்.

சவுண்டை மறந்துடாதீங்க. தூரத்துல பார்க்கிறவங்க படம் கொஞ்சம் மங்கினா பொறுத்துக்குவாங்க; மந்திரமோ ஜெபமோ கேட்கலைன்னா உடனே போன் பண்ணுவாங்க. மைக் செட்காரர்கிட்ட இருந்து ஒரு லைன் வாங்கிடுங்க.

நம்ம ஊருக்குன்னு ஒரு கேமரா குறிப்பு. படுகர் வீட்டு நிகழ்ச்சியில பெரும்பாலும் எல்லாரும் வெள்ளை உடுப்பு. வெளியே மிஸ்ட் வேற. ஆட்டோவுல விட்டா கேமரா வெளிச்சத்தைக் குறைச்சு முகமெல்லாம் கறுத்துடும், ஃபோகஸும் தேடிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் மேனுவலா வைங்க. லைவ்ல எடிட்டிங் டேபிள் கிடையாது.

யூடியூப் பத்தி ஒண்ணு. புது சேனல்ல முதல் தடவை லைவ் வசதி கேட்டா, 24 மணி நேரம் வரைக்கும் காத்திருக்கணும். மொபைல் ஆப்ல இருந்து நேரா லைவ் போடணும்னா குறைஞ்சது 50 சப்ஸ்கிரைபர் வேணும். சாவு வீட்டுக்குப் போய் நின்னுக்கிட்டு இதைக் கண்டுபிடிக்கக்கூடாது.

பணம் வருமா?

ஒரு உதாரணக் கணக்கு. உங்க நம்பரை நீங்க போட்டுக்குங்க. கருவிக்கு 45,000 ரூபாய், 30 நிகழ்ச்சிக்கு உழைக்கும்னு வெச்சா, ஒரு நிகழ்ச்சிக்கு 1,500. லைவை மட்டும் கவனிக்க ஒரு ஆள், 1,500. முன்கூட்டி இடம் பார்க்கப் போற செலவு 700. டேட்டா 300. ஆகமொத்தம் 4,000. நீங்க 6,000 வாங்கினா லாபம் 2,000.

இப்போ ஒரு லைவ் தோத்துப்போய் பணத்தைத் திருப்பிக் கொடுத்தா நஷ்டம் 4,000. அதாவது ரெண்டு நல்ல நிகழ்ச்சியோட லாபம். மூணுல ஒண்ணு தோத்தா கையில மிஞ்சுறது பூஜ்யம். அதோட முடியாது. கோபத்துல அவங்க கல்யாண பேக்கேஜ்ல இருந்தும் 10,000 பிடிச்சுக்கிட்டா, மொத்த நஷ்டம் 14,000. ஏழு நல்ல லைவ் பண்ணித்தான் அதை மீட்கணும்.

இலவசமா கொடுக்கிறது இன்னும் மோசம். அந்த 4,000 செலவு இருக்கும், வரவு இருக்காது. இலவசம்னு சொன்ன பிறகு இடம் பார்க்கவும் போக மாட்டோம், தனியா ஆளும் போட மாட்டோம். கேமராமேனே ஒரு கையில போனையும் பிடிப்பார். லைவும் கெடும், வீடியோவும் கெடும்.

எல்லா வீட்டுக்கும் லைவை விற்கவும் வேண்டாம். தூரத்துல பார்க்கப்போறவங்க பத்துப் பேருக்குள்ளன்னா வாட்ஸ்அப் வீடியோ கால் போதும். அதுல 32 பேர் வரைக்கும் சேரலாம். ஒரு டிரைபாட், ஒரு நல்ல போன், பிடிச்சு நிறுத்த ஒரு ஆள். அந்த அட்டன் தங்கச்சிக்கு யூடியூப் லிங்கைவிட இதுதான் சுலபம். அவங்க பேசவும் முடியும், அழவும் முடியும். இதுக்கு 6,000 கேட்கிறது நியாயம் இல்லை.

சிக்னலே இல்லாத இடத்துக்கும் ஒரு பொருள் இருக்கு. நான் அதை "தாமத லைவ்"னு சொல்வேன். முகூர்த்தம் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷ கிளிப் மட்டும் வெட்டுங்க. 4 எம்பிபிஎஸ் தரத்துல அது 150 எம்பி. அப்லோட் 1 எம்பிபிஎஸ் மட்டும் இருந்தாக்கூட 20 நிமிஷத்துல போயிடும். இடத்துல சிக்னலே இல்லைன்னா ஒருத்தர் பைக்ல மேட்டுக்குப் போய் அனுப்பிட்டு வரட்டும். ஒரு மணி நேரத்துல சொந்தக்காரங்க கையில தெளிவான படம். நின்னு நின்னு ஓடுற லைவைவிட இது எவ்வளவோ மேல்.

பாட்டும் அனுமதியும்

1957-ம் வருஷ பதிப்புரிமைச் சட்டத்துல, பிரிவு 52-ன் கீழ், மதச் சடங்குகள்லயும் கல்யாணம் சார்ந்த விழாக்கள்லயும் பாட்டு போடுறதுக்கு விலக்கு இருக்கு. 2023 ஜூலையில மத்திய அரசுத் துறையும், கல்யாண விழாவுக்கு ராயல்டி கேட்கக்கூடாதுன்னு பொது அறிவிப்பு கொடுத்தது. ஆனா அது மண்டபத்துக்கான பேச்சு. யூடியூபோட தானியங்கிச் சோதனை மண்டபத்தையோ சட்டப் பிரிவையோ பார்க்காது; சினிமாப் பாட்டு காதுல விழுந்தா லைவை நிறுத்தக்கூட செய்யும். அதனால நாதஸ்வரம் லைவ்ல போகட்டும். ரிசப்ஷன் பாட்டு வரும்போது மைக் லைனைக் குறைச்சிடுங்க. லைவுக்குன்னு தனி சேனல் வைங்க. உங்க பழைய வேலையெல்லாம் இருக்கிற சேனல்ல ஸ்ட்ரைக் வாங்கிக்காதீங்க.

லிங்க் 'அன்லிஸ்டட்'னா ரகசியம்னு அர்த்தம் இல்லை. லிங்க் கிடைச்ச யாரும் பார்க்கலாம். கமென்ட்டை மூடிடுங்க. சாவு வீட்டுல முகத்தை நெருக்கமா காட்டலாமா, எந்தச் சடங்கைக் காட்டக்கூடாது, இதையெல்லாம் வீட்டுப் பெரியவங்ககிட்ட முதல்லயே கேளுங்க. ஹெத்தை ஹப்பா மாதிரி ஊர்த் திருவிழான்னா, கூப்பிட்ட ஒருத்தர் சம்மதம் போதாது. ஊர்ப் பெரியவங்க சொல்லணும். இன்னொண்ணு, வெளிநாடுகள்ல இறப்புச் செய்திக்குக் கீழே போலி லைவ் லிங்க் போட்டு கார்டு விவரம் பிடுங்குற மோசடி நடந்திருக்கு. அதனால லிங்க்கை நீங்க பொதுவுல போடாதீங்க. குடும்பத்துல ஒருத்தர்கிட்ட மட்டும் கொடுங்க, அவர் அனுப்பட்டும்.

எழுதி வாங்க வேண்டியது

கடைசியா ஒரு தாள். பெரிய ஒப்பந்தம் வேண்டாம், நாலு வரி போதும்:

"இடத்தை நேர்ல பார்த்து, அப்லோட் வேகம் போதும்னு தெரிஞ்ச பிறகே லைவ் உறுதி. நெட்வொர்க் அல்லது மின்சாரம் காரணமா லைவ் நின்னா, லைவ் கட்டணம் மட்டும் முழுசா திருப்பித் தரப்படும். போட்டோ, வீடியோ கட்டணத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. முழு நிகழ்ச்சியும் தனியா பதிவாகும். முக்கியப் பகுதி அன்னைக்கே அனுப்பப்படும். 30 நாள் கழிச்சு லைவ் வீடியோ யூடியூப்ல இருந்து நீக்கப்பட்டு, ஃபைல் உங்களிடம் கொடுக்கப்படும்."

இதைப் படிச்சுக் காட்டினா வாடிக்கையாளர் ஓடிடுவாங்களோன்னு பயப்படாதீங்க. மலையில வாழ்றவங்களுக்குக் கரண்ட்டும் சிக்னலும் எப்படின்னு உங்களைவிட நல்லாவே தெரியும். "கண்டிப்பா வரும்"னு சொல்றவரைவிட, "நேத்து வந்து பார்த்தேன், மாடியில வெச்சா வரும், வராட்டி இதைச் செய்வேன்"னு சொல்றவரைத்தான் அவங்க நம்புவாங்க.

ஆரம்பிக்க நினைக்கிறவங்க இந்த மாசம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. நீங்க வழக்கமா போற பத்து மண்டபம், சர்ச், ஹட்டி, எஸ்டேட் இடங்களை ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்த தடவை அங்கே போகும்போது ரெண்டு சிம்லயும் அரை மணி நேரம் டெஸ்ட் லைவ் ஓட்டி, அப்லோட் எவ்வளவு, எந்த மூலையில வந்தது, என்ன கிழமை, என்ன நேரம்னு குறிச்சு வைங்க. யாராவது ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணி, "அப்பா போயிட்டார், தங்கச்சி அங்கே இருக்கா, காட்ட முடியுமா?"ன்னு கேட்டா, அந்த நோட்டைப் பார்த்து ஒரு நிமிஷத்துல உண்மையான பதில் சொல்ல முடியும்.

கேள்விகள் இருந்தா எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.